கவிழ்த்து ஒட்டிய கரப்பான்

பதினோரு ஆண்டுகள் இந்த அருங்காட்சியகத்தின் தலைமையைத் தாங்கி, இன்று மாலை ஐந்து மணிக்கு அந்தத் தலைமையை இறக்கி வைத்து, நாளைக் காலை முதல் தலையணையைத் தாங்கப் போகின்ற எங்கள் இயக்குநர் ஐயா அவர்களே, ஐயாவின் அருகில் அமர்ந்து, மூன்றாவது பேச்சாளர் தொடங்கியதிலிருந்து கைக்கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்காத அம்மையார் அவர்களே, முன்வரிசையை முழுமையாக முற்றுகையிட்டு, முறுவலே மலராமல் அமர்ந்திருக்கும் ஐயாவின் சம்பந்தி வீட்டார் அவர்களே, கல்வெட்டுப் பிரிவின் கனவான்களே, நாணயப் பிரிவின் நல்லவர்களே, பாடம் செய்த பறவைகளோடு பழகிப் பழகிப் பதில் பேசுவதையே மறந்துவிட்ட பறவைப் பிரிவின் பண்பாளர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, 'கரப்பான்' என்று அறிவித்ததும் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்ட மூன்றாம் வரிசைச் சகோதரி அவர்களே, காலை இறக்கலாம் அம்மா, நான் இன்று கையில் எதையும் கொண்டு வரவில்லை, கடைசி வரிசையில், கதவை ஒட்டி, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய்விடலாம் என்ற வசதியோடு அமர்ந்திருக்கும் எங்கள் ஓவியரம்மா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். ஓவியரம்மாவுக்கு மட்டும் இரண்டு வணக்கம். இரண்டாவது எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் என்னைப் புகழ்ந்தார்கள். ஒருவர் என்னை ஆய்வுலகின் ஆழ்கடல் என்றார். ஒருவர் அறிவுலகின் அணையா விளக்கு என்றார். நாணயப் பிரிவு நண்பர் இன்னும் ஒரு படி மேலே போய், பாலைவனமே திரும்பிப் பார்த்த பேராசான் என்றார். பாலைவனம் என்னைத் திரும்பிப் பார்த்ததா? பதினெட்டு நாள் அங்கே இருந்தேன். ஓர் ஒட்டகம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எதற்காக இந்தப் புகழ்மாலை? எதற்காக இந்தக் கேடயம்? இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் பாலைவனக் கரப்பான் பூச்சியில் புதிய இனம் ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்பதற்காக. அந்தக் கரப்பானுக்கு நம் இயக்குநர் ஐயாவின் பெயரைச் சூட்டினேன் என்பதற்காக. ஐயாவின் பணி நிறைவும் என் பாராட்டும் ஒரே மேடையில், ஒரே மைக்கில், ஒரே தேநீரில் முடியட்டும் என்று நிர்வாகம் நினைத்திருக்கிறது. சிக்கனம் சிறந்த குணம். அதில் குறை சொல்ல மாட்டேன்.

கரப்பான் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? சமையலறை விளக்கைப் போட்டதும் சட்டென்று ஓடி, அடுப்புக்குப் பின்னால் ஒளிகிறதே, அதுவா? அது அல்ல. பழைய பெட்டியைத் திறந்தால் மீசையை ஆட்டி நம்மை நலம் விசாரிக்கிறதே, அதுவா? அது அல்ல. அடிக்க ஓங்கிய செருப்பின் மேலேயே ஏறி, அடிப்பவரின் கைக்கே வருகிறதே, அதுவா? அதுவும் அல்ல, ஐயா, அது உங்கள் வீட்டுக் கரப்பான். அதைப் பற்றி நீங்கள்தான் எனக்கு வகுப்பு எடுக்க வேண்டும்.

நான் சொல்வது மணலில் மறைந்து வாழும் மாண்புமிகு கரப்பான். கட்டைவிரல் நகத்தளவு. பெண்ணுக்குச் சிறகு கிடையாது. சட்டைப் பொத்தானைப் போல வட்டமாக இருக்கும். ஆணுக்கு மட்டும் மணல் நிறத்தில் மெல்லிய சிறகு. குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில், காற்றில் இருக்கும் ஈரத்தை வாயால் வாங்கி வயிற்றுக்குள் அனுப்பிவிடும். குழாயில் தண்ணீர் வராத நாளில் குடத்தோடு குடத்தை மோதவிட்டுக் குடும்பத்தையே திட்டுகிற நாம், அந்தப் பூச்சியைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். யாருக்கு யார் முகம் சுளிப்பது?

சரி, ஒரு கரப்பானை இன்ன கரப்பான் என்று எப்படி அடையாளம் காண்பது? முகத்தைப் பார்த்தா? எல்லாக் கரப்பானுக்கும் ஒரே முகம். நிறத்தைப் பார்த்தா? நிறம் பாட்டிலில் போட்ட மறுவாரமே மாறிவிடும். அதற்கென்று எங்களிடம் ஒரு கேள்விப் பட்டியல் இருக்கிறது. சிறகு உண்டா, இல்லையா? உண்டென்றால் நான்காம் கேள்விக்குப் போ. முன்னங்காலில் முள் வரிசை ஒன்றா, இரண்டா? ஒன்றென்றால் பதினேழுக்குப் போ. கழுத்துப் பட்டையின் ஓரத்தில் மயிர் உண்டா? இப்படிப் போ, போ என்று விரட்டிக்கொண்டே போய், கடைசிக் கேள்வியில் கொண்டுவந்து நிறுத்தும். அந்தக் கடைசிக் கேள்வியைக் குடும்பத்தோடு வந்திருக்கும் இந்த அவையில் எப்படிச் சொல்வது என்று நேற்றெல்லாம் யோசித்தேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆண் கரப்பானின் ஆணுறுப்பைப் பார்க்க வேண்டும்.

தாய்மார்கள் சிரிக்கிறார்கள். சம்பந்தி வீட்டார் சிரிக்கவில்லை. என்ன செய்வது? முப்பது ஆண்டுகளாக நான் சம்பளம் வாங்குவது இதற்குத்தான். என் மகளின் பள்ளி விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் என் மனைவி 'அரசுப் பணி' என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டது இதனால்தான்.

அந்த உறுப்பில் ஒரு விசேஷம். அது இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு பக்கம் தகடு, ஒரு பக்கம் கொக்கி. இந்த வட்டாரத்துப் பாலைவனக் கரப்பானுக்குக் கொக்கி இடப்பக்கம். இது நூறாண்டுகளுக்கு முன்பே பார்த்து, பதிந்து, பெயர் வைத்து முடிந்துபோன விஷயம். இந்த இடப்பக்கம் என்ற ஒரு சொல்லை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுவதும் அதில்தான் தொங்குகிறது.

இப்போது கதைக்கு வருகிறேன். பாலைவனம் போக ஜீப் வேண்டும் என்று ஐயாவிடம் போய் நின்றேன். ஐயா கோப்பைப் படித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், என்னைப் பார்த்தார். கரப்பான் பிடிக்க எதற்கு ஜீப், நம் உணவகத்துச் சமையலறையிலேயே கூடை கூடையாகக் கிடைக்குமே என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் சொன்னேன், புதிதாக ஏதாவது கிடைத்தால் தங்கள் பெயரையே வைக்கிறேன் என்று. ஐயா மறுபடியும் கண்ணாடியைப் போட்டார். ஜீப் கிடைத்தது. ஓட்டுநர் கிடைத்தார். கூடாரம்கூடக் கிடைத்தது.

பதினெட்டு நாள் மணலைச் சல்லடையில் சலித்தோம். சலித்துச் சலித்து எங்களுக்கே சலித்துவிட்டது. பெண் பூச்சிகள் பதினொன்று கிடைத்தன. ஆண் பூச்சி ஒன்றுகூட இல்லை. கடைசி நாள், கூடாரத்தைப் பிரிக்கும்போது, ஓட்டுநரின் தேநீர்க் குவளையில் ஒன்று விழுந்து மிதந்தது. ஓட்டுநர் அதை விரலால் எடுத்துச் சுண்டப் போனார். நான் பாய்ந்து கையைப் பிடித்தேன். எங்களிடம் இருந்த ஒரே ஆண் பூச்சி அதுதான். ஒன்றே ஒன்று. அறிவியலின் அரிய செல்வம், அரை குவளைத் தேநீரில்.

அருங்காட்சியகத்துக்கு வந்ததும் அது முதலில் போனது ஓவியரம்மாவிடம். அம்மாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக நம் மேல்மாடியில் பூச்சிகளைப் படம் வரைந்தவர். அவர் கோடு போடுவதில்லை, புள்ளி வைப்பார். ஒரு கரப்பான் காலுக்கு நாலாயிரம் புள்ளி. நுண்ணோக்கியின் மேல் ஒரு சிறு கண்ணாடியைப் பொருத்தினால், பூச்சியின் உருவம் பக்கத்துத் தாளில் விழும். அதைப் பார்த்து வரைவார். பூச்சியின் வால்நுனியைத் திறந்து, உறுப்பு உடம்பிலேயே இருக்கும்போது, ஒன்பது நாள் உட்கார்ந்து வரைந்தார். கொக்கியை எங்கே வரைந்தார்? இடப்பக்கம்.

பிறகு பூச்சி என்னிடம் வந்தது. உப்புக் கல்லளவு இருக்கும் அந்த உறுப்பை வெட்டி எடுத்து, காரக் கரைசலில் கொதிக்கவைத்து, சதை கரைந்ததும், கண்ணாடி ஸ்லைடில் ஒரு சொட்டுப் பசை வைத்து, பசையில் உறுப்பை வைத்து, மேலே மெல்லிய கண்ணாடியால் மூட வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்கிற வேலை. நான் மூடப் போகிற நேரத்தில் தொலைபேசி அடித்தது. எடுத்தால், ஐயா. தம் பெயர் வைக்கிற மாதிரி பூச்சி ஏதாவது தேறியதா என்று விசாரிக்கிறார். ஒரு கையில் ரிசீவர், ஒரு கையில் கண்ணாடி. ஐயா, தங்களைக் குற்றம் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எடுத்தது என் தவறு. தங்கள் அழைப்பை எடுக்காமல் இருந்தவர்கள் இன்று எந்த ஊரில் வேலை பார்க்கிறார்கள் என்பதும் அவைக்குத் தெரியும்.

மறுநாள் பசை காய்ந்தது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். கொக்கி எங்கே இருந்தது? வலப்பக்கம்.

வலப்பக்கம், அவையோரே, வலப்பக்கம். நூறாண்டுகளில் ஒருவரும் காணாத வலப்பக்கம். புதிய இனம் என்று ஒரு குதி குதித்தேன். மேல்மாடியில் குதித்தால் கீழே கல்வெட்டுப் பிரிவில் தூசு விழும். அவர்கள் புகார் கொடுத்த கடிதம் இன்னும் கோப்பில் இருக்கிறது.

அப்போது ஓவியரம்மா வந்தார். ஸ்லைடைப் பார்த்தார். தம் படத்தைப் பார்த்தார். சத்தம் போடாமல் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "சார், ஸ்லைடு கவுந்திருக்கு."

நான் என்ன சொன்னேன்? இந்த ஆழ்கடல், இந்த அணையா விளக்கு, இந்தப் பேராசான் என்ன சொன்னேன்? "மேடம், கவுந்தது ஸ்லைடு இல்ல, உங்க கண்ணாடி. கண்ணாடின்னா இடத்தை வலமாத்தான் காட்டும். படத்தை மாத்தி வரைங்க." அவர் சொன்னார், கண்ணாடியை எடுத்துவிட்டு வெறும் கண்ணாலும் பார்த்தேன், அப்போதும் இடப்பக்கம்தான் என்று. நான் கேட்கவில்லை. மாற்றி வரையச் சொன்னேன். பார்க்காததை வரைய மாட்டேன் என்றார்.

வரைய மாட்டேன் என்றால் விட்டுவிடுவேனா? அவர் ஒன்பது நாள் புள்ளி வைத்த படத்தைக் கணினியில் ஏற்றினேன். ஒரு பொத்தானை அழுத்தினேன். இடம் வலமானது. அரை நொடி வேலை. அந்தப் படத்தோடு கட்டுரை வெளிவந்தது. இரண்டு நிபுணர்கள் படித்துப் பாராட்டினார்கள். ஐயாவின் பெயர் உலகக் கரப்பான் பட்டியலில் ஏறியது. ஐயாவின் வீட்டில் அன்று என்ன நடந்தது என்று அம்மையாரே பிறகு என்னிடம் சொன்னார். ஒன்பது வருஷம் ராப்பகலாக உழைத்ததற்கு ஒரு மான், ஒரு மயில் கிடைக்கவில்லையா, கரப்பான்தான் கிடைத்ததா என்று ஐயாவிடம் கேட்டாராம்.

இதுவரை சிரித்தீர்கள். இனிச் சொல்வதைச் சிரிக்காமல் கேட்டாலும் சரி. நான் அதோடு நிறுத்தவில்லை. ஐயாவுக்கு ஒரு குறிப்பு அனுப்பினேன். 'ஓவியருக்கு இடம் வலம் பற்றிய குழப்பம் உள்ளது. ஆய்வுப் படங்களை இனி அவரிடம் ஒப்படைப்பது உசிதமன்று.' இரண்டே வரி. அந்த இரண்டு வரியில் இருபத்திரண்டு ஆண்டு போயிற்று. அவரைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்கள். பெயர்ப்பலகை எழுதும் வேலை கொடுத்தார்கள். 'கழிவறை இப்பக்கம்', 'வெளியேறும் வழி அப்பக்கம்'. அன்பர்களே, கவனித்தீர்களா? இடம் வலம் தெரியாதவர் என்று எழுதிக்கொடுத்து வெளியேற்றிய ஒருவரிடம், இந்தக் கட்டிடத்தின் எல்லா அம்புக்குறிகளையும் வரையச் சொன்னோம். இரண்டு ஆண்டுகளாக நீங்கள் எல்லோரும் அவர் போட்ட அம்பைப் பார்த்துத்தான் அவசரத்துக்கு ஓடுகிறீர்கள். ஒருவராவது தவறான கதவைத் திறந்ததுண்டா?

அதோடும் முடியவில்லை. ஓவியர் பதவியே தேவையில்லை என்று சென்ற மாதம் ஓர் உத்தரவு வந்தது; அதன்படி நாளை முதல் பதவி ரத்து, அம்மாவுக்கு வேலை இல்லை. ஆதாரம் என்ன? என் இரண்டு வரி. அம்மா பத்து மாதமாகப் படுக்கையில் இருக்கும் தம் கணவரை வைத்துக்கொண்டு, இந்த உத்தரவையும் கையில் வைத்துக்கொண்டு, இன்று என் பாராட்டு விழாவுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மேடைக்கு மேலே தொங்குகிறதே 'வாழ்த்துகிறோம்' என்ற பலகை, அதையும் அவர்தான் எழுதினார்.

ஒரு துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. 'சுருக்கமாக முடிக்கவும்.' எழுதியவருக்கு நன்றி. நாணயப் பிரிவு நண்பர் இருபத்தைந்து நிமிடம் பேசியபோது இந்தச் சீட்டு எங்கே போயிருந்தது? உட்காருங்கள், முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டேன்.

பத்து நாளைக்கு முன்பு, இந்த விழாவுக்காக அந்த ஸ்லைடின் புகைப்படத்தைப் பெரிதாக அச்சிட்டு, வீட்டுக்கு எடுத்துப் போனேன். இதோ என் பின்னால் பதாகையில் தொங்குகிறதே, இதே படம். என் மனைவி தையற்காரர். மேசை முழுக்கத் துணியைப் பரப்பி, சட்டைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தார். படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, இதுதான் உலகத்தையே வியக்க வைத்த கொக்கி என்றேன். தலையை நிமிர்த்திப் பார்த்தார். கத்தரியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "என்னங்க இது, உள்பக்கம்ல இருக்கு?"

எனக்கு எரிச்சல் வந்தது. தையலுக்கும் தகட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றேன். அவர் எழுந்து வந்து விரலை வைத்துக் காட்டினார். இந்த மயிரெல்லாம் மங்கலாக, தகட்டுக்குப் பின்னால் தெரிகிறதே. மயிர் வெளிப்பக்கம்தானே இருக்கும். அப்படியென்றால் நீங்கள் பார்ப்பது உள்பக்கம் என்றார். நான் முப்பது ஆண்டு நுண்ணோக்கியில் பார்த்தவன். அவர் முப்பது நொடி பார்த்தார். பிறகு மேசையிலிருந்து வெட்டிய துணி ஒன்றை எடுத்து என் முன்னால் போட்டார்.

"இது என்ன கை?"

"இடது கை," என்றேன்.

அதை அப்படியே திருப்பிப் போட்டார். "இப்ப?"

"வலது கை."

"ஒரே துணிதாங்க. திருப்பிப் போட்டதுக்குப் புதுச் சட்டைன்னு பேரு வைப்பீங்களா?"

அவையோரே, மூன்று நிபுணர்கள் கேட்காத கேள்வி அது. மூன்றாவது நிபுணர் நான். என் மனைவி மறுபடியும் துணி வெட்டப் போய்விட்டார். எனக்கு உட்காரத் தோன்றியது. நாற்காலி முழுக்கத் துணி, தரையில் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை ஸ்லைடைக் கரைசலில் போட்டேன். பசை கரைய நான்கு மணி நேரம் ஆயிற்று. நான் நகரவில்லை. கண்ணாடி விலகியது. ஊசி முனையால் அந்த உப்புக் கல்லைத் திருப்பினேன். கொக்கி இடப்பக்கம் வந்து உட்கார்ந்தது. நூறாண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்த அதே பழைய கரப்பான். வேறு எந்த வித்தியாசமும் இல்லை. தொலைபேசி அடித்தபோது என் கை ஆடியிருக்கிறது, உறுப்பு பசையில் புரண்டிருக்கிறது. புதிய இனம் என்று ஒன்று இல்லை. பாலைவனத்தில் அது இல்லை. என் ஸ்லைடில் மட்டும்தான் இருந்தது.

பறவைப் பிரிவுகூட வாயைத் திறந்திருக்கிறது.

ஐயா, தங்கள் முகத்தைப் பார்க்கிறேன். 'அப்ப என் பேரு?' என்று மெல்லக் கேட்கிறீர்கள். மெல்லத்தான் கேட்டீர்கள், ஆனால் தங்கள் முன்னாலும் ஒரு மைக் இருக்கிறது. தங்கள் பெயர் அழியாது ஐயா. எங்கள் துறையில் வைத்த பெயரை அழிக்கும் வழக்கமே கிடையாது. பழைய கரப்பானின் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், 'இதுவும் அதுவே' என்ற குறிப்போடு, உலகம் உள்ளவரை தங்கள் பெயர் தொங்கிக்கொண்டிருக்கும். சம்பந்தி வீட்டாரின் முகத்தில் இன்று முதல் முறையாக ஓர் ஒளி தெரிகிறது. அம்மையார் கடிகாரத்தை விட்டுத் தலையை நிமிர்த்திவிட்டார். தங்கள் குடும்பத்துக்கு நான் செய்த ஒரே நன்மை இந்தத் திருத்தம்தான் போலிருக்கிறது.

இதைப் பத்து நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேளுங்கள். யாராவது கேளுங்கள். நன்றி, அந்த ஓரத்து அண்ணன் கேட்டுவிட்டார். பயம், அண்ணே. வெட்கம். கேடயத்தில் பெயர் பொறித்தாகிவிட்டது, பதாகை அச்சாகிவிட்டது, விழா முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேற்று மாலை கீழ்த்தளத்தில் அம்மா தம் தூரிகைகளைக் கழுவிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதன் பிறகு என்னால் முடியவில்லை.

இப்போது மணி நான்கே முக்கால். ஐந்து மணிக்குப் பிறகும் ஐயாவின் பேனாவில் மை இருக்கும், அதிகாரம் இருக்காது. நாளை வரப் போகிற புதிய இயக்குநருக்கு நாம் யாரையும் தெரியாது. அவருக்குக் கோப்புதான் தெரியும். கோப்பில் என்ன இருக்கிறது? இடம் வலம் தெரியாத ஓவியர் என்று இருக்கிறது. பார்த்ததைப் பார்த்தபடி வரைந்தவர் யார்? அவர். பார்க்காததை வரைய மாட்டேன் என்று மறுத்தவர் யார்? அவர். பொத்தானை அழுத்தியவர் யார்? நான். கேடயம் யாருக்கு? எனக்கு. வெளியேறும் வழி யாருக்கு? அவருக்கு. இது நியாயமா? ஒரு பூச்சியைக் கவிழ்த்து ஒட்டினேன், அது போகட்டும், திருப்பிவிட்டேன். ஒரு மனுஷியைக் கவிழ்த்து ஒட்டியிருக்கிறேனே, அதை யார் திருப்புவது? எந்தக் கரைசலில் போட்டுத் திருப்புவது?

கை தட்ட வேண்டாம். கை தட்டினால் நேரம் போகும். ஐயா, தங்கள் முன்னால், தண்ணீர்க் குவளைக்குக் கீழே ஒரு தாள் இருக்கிறது. ஓவியர் பதவியை ரத்து செய்த உத்தரவை ரத்து செய்யும் உத்தரவு. தட்டச்சு செய்து நானே வைத்தேன். தாங்கள் கையெழுத்துப் போட்டால் போதும். போடும் வரை இந்த மைக்கை விட்டு நான் நகர மாட்டேன்.

கடைசி வரிசையில் அம்மா எழுந்து நிற்கிறார். போகிறாரா? இல்லை, ஏதோ கேட்கிறார். அமைதியாக இருங்கள், கேட்கட்டும். அம்மா, கொஞ்சம் சத்தமாக.

எல்லோருக்கும் கேட்டதா? கேட்காதவர்களுக்கு நானே திருப்பிச் சொல்கிறேன். "அந்தத் தாள்ல காரணம்னு ஒரு இடம் இருக்குமே சார். அதுல என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்கிறார்.

ஐயா, அந்தத் தாளை ஒரு நிமிடம் கொடுங்கள். படிக்கிறேன். 'காரணம்: நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு.'

சிரியுங்கள். நன்றாகச் சிரியுங்கள், எனக்கு இது வேண்டும். இவ்வளவு நேரம் மைக்கில் மார்தட்டினேனே, நேற்று இந்தத் தாளைத் தட்டச்சு செய்தபோது அந்த ஓரிடத்தில் மட்டும் என் விரல் ஓடிப் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது. பேச்சு காற்றோடு போகும். தாள் கோப்பில் கிடக்கும். அது அம்மாவுக்குத் தெரியும். இருபத்திரண்டு ஆண்டு புள்ளி வைத்தவருக்கு எந்தப் புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்று தெரியாதா?

ஐயா தம் பேனாவை நீட்டுகிறார். ஏதோ சொல்கிறார். "எழுதுங்க. அதுக்குக் கீழதான் நான் போடுவேன்." நல்லது ஐயா. அடிக்கிறேன். 'நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு' என்பதை அடித்துவிட்டேன். எழுதிக்கொண்டே படிக்கிறேன், கேளுங்கள். 'காரணம்: ஓவியர் வரைந்த படம் சரி. ஸ்லைடைக் கவிழ்த்து ஒட்டியவனும், அவரது படத்தைத் திருப்பி அச்சிட்டவனும், அவருக்கு இடம் வலம் தெரியாது என்று பொய்யாக எழுதிக்கொடுத்தவனும் கீழே கையெழுத்திட்டிருக்கும் பூச்சிப் பிரிவுப் பொறுப்பாளனாகிய நானே.' கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஐயா போடுகிறார். ஐயாவின் கையெழுத்து நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். போட்டுவிட்டார்.

அம்மா இன்னும் உட்காரவில்லை. "தேதி போடுங்க சார்" என்கிறார். போட்டுவிட்டோம் அம்மா, இருவரும் போட்டுவிட்டோம். மணியும் எழுதிவிட்டேன், நான்கு ஐம்பத்தொன்று.

கேடயத்தை நான் எடுத்துப் போகப் போவதில்லை. அம்மாவும் வேண்டாம் என்று கையசைக்கிறார். கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருக்கிறது, இந்தக் கேடயத்தை அதற்கு முட்டுக் கொடுங்கள். பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், வெட்கப்படாமல் சிரித்த தாய்மார்களுக்கும், பெயர் போனாலும் பேனாவைக் கொடுத்த ஐயாவுக்கும் என் நன்றி. ஓவியரம்மா, திங்கட்கிழமை காலை மேல்மாடிக்கு வாருங்கள். அந்தப் பழைய கரப்பான் உங்கள் மேசையில் இருக்கும். நீங்கள் பார்த்து வரையுங்கள். உங்கள் படத்தைப் பார்த்து நான் எழுதிக்கொள்கிறேன். முதலில் சொன்ன இரண்டாவது வணக்கம் மன்னிப்புக் கேட்பதற்கானது. மன்னிக்கலாமா என்பதை நீங்கள் நிதானமாக யோசித்துச் சொல்லலாம். வணக்கம்.